வெளிநாட்டில் இருந்துகொண்டு நாள்பட்ட நெஞ்செரிச்சலை எப்படிச் சமாளிப்பது? செட்டிநாட்டுச் சாப்பாட்டை விட்டுவிட வேண்டுமா?

கேட்டவர் விவரத்தில் எழுதியிருப்பது சுருக்கமாக இது: சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம், வேலை இங்கிலாந்தில். ஒரு வருடத்துக்கு மேலாக நெஞ்செரிச்சல். ராத்திரி படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டை வரை வருகிறது. ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி மாத்திரையை அட்டை அட்டையாக வரவழைத்துக்கொள்கிறார். காரம், புளி, மசாலா எல்லாவற்றையும் நிறுத்திப் பார்த்தும் தீரவில்லை. இனி காலமெல்லாம் ரொட்டியும் தயிரும்தானா என்று கேட்கிறார்.

நான் டாக்டர் இல்லை. இங்கிலாந்தில் லெஸ்டரில் பல வருடம் குடித்தனம் நடத்திவிட்டு, இப்போது காரைக்குடியில் மாமியார் வீட்டில் இருக்கிறேன். அங்கே இருந்தபோது இதே தொல்லையோடு ஜி.பி. (அங்கே முதலில் பார்க்க வேண்டிய குடும்ப டாக்டர்), பரிசோதனை, எண்டோஸ்கோப்பி (தொண்டை வழியே கேமராக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) என்று எல்லாப் படியும் ஏறி இறங்கியவள். அந்தத் தகுதியில் சொல்கிறேன்: மிளகாயை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு சாப்பிடுகிறீர்கள், சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் படுக்கிறீர்கள், இதை முதலில் சொல்லுங்கள்.

பள்ளத்தூரில் எங்கள் அப்பத்தா காலத்துச் சாப்பாட்டை யோசித்துப் பாருங்கள். காலையில் இடியாப்பமோ இட்லியோ, கூடக் கத்தரிக்காய்க் கோசமல்லி. மத்தியானம் ஒரு மணிக்குள் முழுச் சாப்பாடு: குழம்பு, கூட்டு, பொரியல், ரசம், மோர். கறி எடுத்தால் உப்புக்கறியும் அந்த வேளைக்குத்தான். நாலு மணிக்குக் காபியும் ஏதாவது பலகாரமும். ராத்திரி வெள்ளென இரண்டு இட்லியோ ஒரு தோசையோ, அவ்வளவுதான். காரமான சாப்பாடெல்லாம் உச்சி வெயிலில் உள்ளே போனது. அதற்குப் பிறகு படுக்கப் போகும்வரை முற்றத்துக்கும் அடுப்படிக்கும் நடை ஓயாது.

லெஸ்டரில் எங்கள் வீட்டு நாள் வேறு மாதிரி. காலையில் வெறும் காபி. மத்தியானம் மேஜையிலேயே ஒரு குளிர்ந்த சாண்ட்விச். வேலை முடிந்து வந்து, பிள்ளைகளைக் கவனித்து, சமைத்து உட்காரும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிடும். பகலெல்லாம் சோறு சாப்பிடாத ஏக்கம் முழுவதும் அந்தத் தட்டில் வந்து இறங்கும். பதினொன்றுக்குள் படுக்கை. அதாவது ஊரில் மத்தியானம் சாப்பிட வேண்டியதை ராத்திரிக்கு மாற்றி, சாப்பிட்ட கையோடு படுத்துவிடுகிறோம். வெளிநாட்டில் நான் பார்த்த நம் ஆட்களில் பாதிப்பேர் வீட்டில் இதே கதைதான்.

உள்ளே நடப்பது என்னவென்றால், உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு வளையத் தசை இருக்கிறது. விழுங்கும்போது திறந்து மற்ற நேரத்தில் மூடியிருப்பது அதன் வேலை. வயிறு நிரம்பி விரிந்தால் அது அடிக்கடி தளர்கிறது. எண்ணெயும் நெய்யும் மிகுந்தால் தளர்வது கூடுவதோடு, இரைப்பை காலியாகவும் நேரம் ஆகிறது. உட்கார்ந்திருக்கும்வரை அமிலத்தைப் பூமி கீழே இழுத்துப் பிடித்திருக்கும். படுத்ததும் அந்த உதவியும் போய்விடும். அதனால்தான் கடைசிக் கவளத்துக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்கிறார்கள். இது ஒன்றைச் சரியாகச் செய்தாலே பலருக்குப் பாதித் தொல்லை குறையும்.

செய்வது எப்படி? சோற்றை மத்தியானத்துக்கு மாற்றுங்கள். முதல் நாள் சமைத்ததை டப்பாவில் எடுத்துப்போய் அலுவலகத்தில் சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். (கருவாட்டுக் குழம்பை மட்டும் வேண்டாம். ஒருமுறை அந்த மைக்ரோவேவைத் திறந்தபின் மாடி முழுவதும் உங்களைத் தெரிந்துகொள்ளும்.) சாயங்காலம் வீடு திரும்பியதும் பசிக்கு இரண்டு இட்லி, இடியாப்பம், இல்லாவிட்டால் தாளித்த ஓட்ஸ், எதுவானாலும் ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். நைட் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு மணிக்கணக்கு மாறும், விதி மாறாது. எந்த நேரத்தில் தூங்கப் போகிறீர்களோ அதிலிருந்து மூன்று மணி பின்னால் எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது காரத்துக்கு வருகிறேன். மிளகாயின் காரம் ஏற்கெனவே புண்பட்ட உணவுக்குழாயில் பட்டால் எரியும், அது உண்மை. புளியும் தக்காளியும் அப்படித்தான். ஆனால் எல்லோருக்கும் எல்லாமும் ஆகாது என்பதில்லை. அதனால் ஒரேயடியாக நாலைந்தை நிறுத்தினால் எது காரணம் என்றே தெரியாமல் போய்விடும். ஒவ்வொன்றாக இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள், பிறகு திரும்பச் சேர்த்துப் பாருங்கள், ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு மத்தியானம் மிளகு ரசம் எதுவும் செய்யவில்லை. அதே வயிற்றுக்கு, எண்ணெயில் பொரித்த வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் ஆகவில்லை. ராத்திரியில் புளி மண்டி (அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்து வைப்பது) சாப்பிட்டால் இரண்டு மணிக்கு எழுந்து உட்கார வேண்டியதுதான். என் ஆச்சிக்கு, அதாவது என் அக்காவுக்கு, மண்டியால் ஒன்றும் இல்லை, காபிதான் எதிரி. காபி, சாக்லேட், மது இவையும் சிலருக்குத் தூண்டும். புதினாவும் அந்த வளையத் தசையைத் தளர்த்தக்கூடியது, ஜீரணத்துக்கு நல்லது என்று ராத்திரி புதினா டீ குடிக்கிறவர்கள் கவனிக்கவும்.

இன்னொன்று. வெளிநாட்டு ஓட்டல்களில் 'செட்டிநாடு சிக்கன்' என்ற பெயரில் வரும் சிவப்புக் குழம்பை வைத்து எங்கள் ஊர்ச் சமையலை எடை போடாதீர்கள். கிரீமும் கலரும் எண்ணெயும் சேர்த்து, மிளகாய்த் தூளை அள்ளிப் போட்ட அந்தச் சட்டிக்கும் எங்களுக்கும் சம்பந்தம் குறைவு. வீட்டுச் சமையலில் தண்ணிக்குழம்பு இருக்கிறது, இளங்குழம்பு இருக்கிறது, பருப்பும் காயும் சேர்ந்த கூட்டு இருக்கிறது. சோம்பும் பட்டையும் கல்பாசியும் வாசனைக்குத்தான், எரிப்பதற்கு இல்லை. மிளகாயைப் பாதியாக்கி, தேங்காயையும் எண்ணெயையும் குறைத்து வைத்தாலும் அது செட்டிநாட்டுக் குழம்பாகவே இருக்கும். நீங்கள் ரொட்டிக்கும் தயிருக்கும் போகத் தேவையே இல்லை.

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் பண்ண, போன அந்தக் காலத்துச் செட்டிநாட்டு ஆட்கள் மூன்று வருடக் கணக்கில் வெளியூரில் கிடந்தார்கள். ஆனால் அவர்கள் சேர்ந்து தங்கித் தொழில் பார்த்த கிட்டங்கியில் சமைக்க ஆள் இருந்தது, நேரத்துக்குச் சோறு வந்தது. நமக்கு வேலை மட்டும் வந்தது, சமையற்காரர் வரவில்லை. இதை நினைத்து நான் அடிக்கடி பெருமூச்சு விட்டிருக்கிறேன்.

அடுத்தது படுக்கை. ராத்திரித் தொல்லைக்கு நான் செய்ததில் மிகவும் பலித்தது கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்தியது. தலையணையை அடுக்கிக்கொண்டால் அது ஆகாது. இடுப்பில் மடங்கி வயிற்றின் மேல் அழுத்தம் கூடும், கழுத்து வலி இலவசம். வாடகை வீட்டில் கட்டிலைத் தொட முடியாது என்றாலோ, வளைகுடாவில் பங்க் கட்டிலில் படுக்கிறவர் என்றாலோ, முதுகுவரை தாங்கும் சாய்வான நுரைத் தலையணை வாங்கிக்கொள்ளலாம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பதும் உதவும். அப்படிப் படுக்கும்போது இரைப்பையின் வாய் அமில மட்டத்துக்கு மேலே நிற்கும்.

எடையைப் பற்றிச் சொன்னால் கோபம் வரும், ஆனாலும் சொல்லியாக வேண்டும். நாலு மணிக்கே இருட்டும் குளிர்காலத்தில் நடை குறைகிறது, தொப்பை வைக்கிறது. அதன் அழுத்தம் இரைப்பையை மேலே தள்ளுகிறது. எடை கூடியவர்களுக்குச் சில கிலோ குறைந்தாலே எரிச்சல் குறைவது தெரியும். குளிருக்காக இடுப்பை இறுக்கும் உள்ளாடைகளையும் பெல்ட்டையும் கொஞ்சம் தளர்த்துங்கள். சிகரெட் பிடிக்கிறவர்கள் அதை விட்டுவிட இதுவும் ஒரு காரணம். எடை குறைக்க செமாகுளுடைட் ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு அந்த ஊசியே வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தி எரிச்சலைக் கூட்டலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி மாத்திரை. இங்கே நிறையப் பேசவேண்டியிருக்கிறது.

ஒமெப்ரசோல், பான்டோபிரசோல், ஈசோமெப்ரசோல் எல்லாம் ஒரே குடும்பம். இரைப்பையில் அமிலத்தைச் சுரக்கும் பம்புகளை அடைப்பது இவற்றின் வேலை. சாப்பாடு வரும்போதுதான் பம்புகள் முழுதாக வேலை செய்யத் தொடங்கும். ஆகவே மாத்திரை அதற்கு முன்பே ரத்தத்தில் இருக்க வேண்டும். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் விழுங்க வேண்டும். நம் ஊரில் எரிச்சல் வந்தபின், சாப்பிட்டு முடித்து, தேவைப்பட்டபோது ஒன்று என்று போடுகிறார்கள். அப்படிப் போட்டால் அதன் பலன் குறைந்துவிடும். முழுப் பலன் தெரிய சில நாட்கள் ஆகும் என்பதால், போட்ட அன்றே கேட்கவில்லை என்று இரட்டிப்பாக்கவும் கூடாது.

உடனடி நிவாரணத்துக்கு வேறு வகை இருக்கிறது. ஜெலுசில், டைஜீன் போன்றவை அமிலத்தை மட்டுப்படுத்தும். இங்கிலாந்தில் கிடைக்கும் கேவிஸ்கானில் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் இருக்கிறது. அது பாலில் ஆடை படிவதுபோல இரைப்பையில் இருப்பதன் மேல் மிதந்து, மேலே வருவதைத் தடுக்கும். சாப்பிட்ட பின்னும் படுக்கும் முன்னும் எடுக்க வேண்டும். ஈனோ சோடா உப்புதான், சோடியம் அதிகம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதைத் தினசரிப் பழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம். ஆல்ஜினேட் மருந்துகளிலும் சோடியம் உண்டு, கடையில் கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் வரவழைக்கும் அட்டையை ஒருமுறை திருப்பிப் படியுங்கள். நம் ஊர்க் கடைகளில் பான்டோபிரசோல் 40 மில்லிகிராமோடு டாம்பெரிடோன் 30 மில்லிகிராம் சேர்ந்த கூட்டு மாத்திரை சர்வசாதாரணம். டாம்பெரிடோன் இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கக்கூடும் என்பதால், 2014-இல் ஐரோப்பாவில் அதை வாந்தி, குமட்டலுக்கு மட்டும், குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு என்று கட்டுப்படுத்தினார்கள். பிரிட்டனில் அதே வருடம் சீட்டில்லாமல் விற்பதையும் நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவில் அதற்கு அனுமதியே இல்லை. ஒரு வருடமாக யாரும் மேற்பார்வை பார்க்காமல் அதைத் தினமும் விழுங்குகிறீர்கள் என்றால், முதலில் ஜி.பி.யிடம் போய்ச் சொல்ல வேண்டியது அதுதான். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், சில ஆண்டிபயாடிக்குகளோடு சேரும்போது ஆபத்து கூடும். அமிலத்தைக் குறைக்கும் இன்னொரு மாத்திரையான ரானிடிடினும் அப்படித்தான்: அதில் புற்றுநோய் வரவழைக்கக்கூடும் என்று கருதப்படும் என்.டி.எம்.ஏ. என்ற மாசு இருப்பது தெரிந்து 2020 ஏப்ரலில் அமெரிக்கச் சந்தையிலிருந்து முழுவதுமாகத் திரும்பப் பெறச் சொன்னார்கள். ஊரில் இன்னும் கிடைக்கிறது என்பதற்காகப் பெட்டியில் வைக்காதீர்கள்.

சாதா ஒமெப்ரசோலுக்கு ஊரை நம்பத் தேவையும் இல்லை. பிரிட்டனில் பார்மசியில் சீட்டில்லாமலே கிடைக்கும். அமெரிக்காவிலும் 20 மில்லிகிராம் கடையிலேயே இருக்கும். அந்தப் பெட்டியில் 14 நாள், அதற்குமேல் டாக்டரைப் பார் என்று போட்டிருப்பார்கள். அது சும்மா போட்டதில்லை.

நீண்ட நாள் எடுத்தவர்கள் திடீரென நிறுத்தினால் அடக்கி வைத்த அமிலம் முன்னைவிட வேகமாகச் சுரக்கும், சில வாரம் எரிச்சல் கூடும். நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடி தொடங்குவார்கள், வட்டம் முடியாது. அளவைப் பாதியாக்கி, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாளாக்கி, நடுவில் வரும் எரிச்சலுக்கு ஆல்ஜினேட் வைத்துக்கொண்டு இறங்குவது நல்லது, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு. வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12, மெக்னீசியம் குறையலாம். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு பி12 ஏற்கெனவே குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு. சர்க்கரைக்கு மெட்பார்மின் எடுத்தால் அதுவும் குறைக்கும். இந்த மூன்றும் சேர்ந்தவர்கள் இரத்தத்தில் பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தைராய்டு மாத்திரை எடுக்கிற பெண்கள் ஜெலுசில் வகையறாவுக்கும் அதற்கும் நடுவே நாலு மணி நேரம் விடுங்கள். எதிர்த்திசையிலும் பாருங்கள்: முட்டி வலிக்கு டைக்ளோபினாக், தலைவலிக்கு இபுபுரூபன், இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், இவையே சிலருக்கு இந்தத் தொல்லையைக் கூட்டும். அம்லோடிபினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மாற்று உண்டா என்று கேளுங்கள்.

படுக்கும் முன் சூடாகப் பால் குடி என்று ஆத்தா போனில் சொல்வார்கள். குடித்ததும் இதமாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் அதே பால் அமிலத்தைச் சுரக்க வைக்கும், அதுவும் நீங்கள் படுத்த பின்பு. சீரகத் தண்ணீரையும் மோரையும் பற்றி நான் வாதாடப் போவதில்லை. எனக்கு மோர் ஒத்துக்கொண்டது, அவ்வளவுதான் சொல்வேன்.

ஜி.பி.யிடம் போகும்போது "கேஸ் டிரபிள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் வாயுவுக்கு ஏதோ எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எங்கே எரிகிறது, சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில், படுத்தால் கூடுகிறதா, புளித்த நீர் மேலே வருகிறதா, ராத்திரி இருமல் உண்டா, எத்தனை மாதமாக, என்ன மாத்திரை, இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பத்து நிமிடம்தான் கிடைக்கும். ஹெச். பைலோரி கிருமிக்கு மலத்திலோ மூச்சிலோ சோதனை செய்யச் சொல்லலாம். நம் நாட்டில் பரவலாக இருக்கிற கிருமி அது, குடற்புண்ணுக்கு முக்கியக் காரணம். 1984-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, வயிற்றழற்சி வரவழைத்துக் காட்டினார். 2005-இல் ராபின் வாரனோடு நோபல் பரிசும் கிடைத்தது. சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே அமில மாத்திரையை நிறுத்த வேண்டும், ஆண்டிபயாடிக் எடுத்திருந்தால் நாலு வாரம். ஊரிலிருந்து வந்த மாத்திரையைச் சொல்லாமல் மறைத்துக்கொண்டு சோதனைக்குப் போனால் இருக்கும் கிருமியும் இல்லை என்று வரலாம்.

எண்டோஸ்கோப்பிக்குப் பயப்படாதீர்கள். தொண்டையில் மரத்துப்போகும் ஸ்பிரே அடித்தோ, மயக்க ஊசி போட்டோ செய்வார்கள். சில நிமிடம்தான். எனக்கு இரைப்பையின் மேல்பகுதி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத் தசையின் துளை வழியாகக் கொஞ்சம் மேலேறியிருப்பது தெரிந்தது. ஹையேட்டஸ் ஹெர்னியா என்பார்கள். பலருக்கு இருப்பதுதான், அறுவை தேவைப்படவில்லை. இவ்வளவு நாள் எதனால் என்ற கேள்விக்கு ஒரு பதில் கிடைத்ததே பெரிய நிம்மதி.

விழுங்கும்போது சாப்பாடு சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, இரத்த வாந்தி, தார் மாதிரி கறுத்த மலம், விடாத வாந்தி, இரத்தச்சோகை. இதில் ஒன்று இருந்தாலும் சாப்பாட்டு நேரத்தை மாற்றிப் பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள், உடனே போங்கள். (இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். அதையும் சொல்லிவிடுங்கள்.)

அதைவிட அவசரமானது நெஞ்சு. எங்கள் தெருவில் ஒருவர் நெஞ்சடைப்பை வாயு என்று நினைத்து சோடா வாங்கிக் குடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மாரடைப்பு. பிழைத்தார், ஆனால் தாமதத்தால் இதயம் பலவீனமாகிவிட்டது. தெற்காசியர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிடச் சின்ன வயதிலேயே வருகிறது. அழுத்துவதுபோல வலி, கையிலோ தாடையிலோ பரவுவது, வியர்வை, மூச்சு வாங்குவது, மாடி ஏறினால் கூடி உட்கார்ந்தால் குறைவது, இவை இருந்தால் ஜெலுசிலைத் தேடாமல் பிரிட்டனில் 999, இங்கே 108. எரிச்சல்தான் என்று பிறகு தெரிந்தாலும் யாரும் திட்ட மாட்டார்கள்.

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கல்யாண வீட்டுக் காலைப் பந்தியில் இலையில் என்ன விழும் என்று உங்களுக்கே தெரியும்: கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம், கவுனி அரிசி, நெய் ஒழுகும் பொங்கல். மறுத்தால் பரிமாறுகிற ஆச்சிமார் விடமாட்டார்கள். எல்லாவற்றிலும் ஒரு வாய் என்பது என் கணக்கு, மத்தியானப் பந்தியில் வயிறார, ராத்திரி விருந்தில் மோர்சோறு. விமானத்தில் கொடுப்பதை இறங்கும் நேரம் பார்த்துச் சாப்பிடுங்கள், சாய்ந்து தூங்கப்போகும் முன் வேண்டாம்.

திரும்பும்போது பெட்டியில் மாத்திரை அட்டைக்கு வைத்திருந்த இடத்தில் கவுனி அரிசியும், காரம் பாதியாகக் குறைத்து இடித்த இட்லிப் பொடியும் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே எடுத்துப்போக வேண்டிய மருந்து இருந்தால் வெட்டாத அட்டையாக, மருந்தின் வேதிப்பெயர் எழுதிய சீட்டோடு, கைப்பையில். பிராண்டுப் பெயரைச் சொன்னால் அங்கே பார்மசிக்காரருக்குப் புரியாது.